நரசிம்மன், சேஷாத்ரி, அப்புறம் ஒரு 24 வருஷம்

கணிதம் படிக்கிறேன் என்று சொன்னால் நம்மூரில் இரண்டே கேள்விதான் வரும். ஒன்று, "வாத்தியார் ஆகப் போறியா?" இன்னொன்று, "ராமானுஜம் மாதிரியா?" முதல் கேள்விக்குச் சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம். இரண்டாவதுதான் சங்கடம். கனவில் சூத்திரம் வருகிற ஆளாக இருந்தால் கணிதம் படி, இல்லாவிட்டால் பேங்க் எக்ஸாம் எழுது என்பதுதான் அதன் உள்ளர்த்தம். நடுவில் ஒன்றுமே இல்லையா?

இருக்கிறது. அந்த நடுவில் வாழ்ந்த ஒருவரைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். முதும்பை சேஷாசலு நரசிம்மன். சுருக்கமாக எம்.எஸ்.நரசிம்மன். 1932 ஜூன் 7-ல் தண்டரை என்ற கிராமத்தில் பிறந்தவர், வட ஆற்காட்டுக் குடும்பம், ஐந்து பிள்ளைகளில் மூத்தவர். 2021 மே 15-ல் பெங்களூரில் காலமானார். கொரோனா இரண்டாம் அலை உச்சத்தில் இருந்த மாதம் அது. பேப்பரில் வந்திருந்தாலும் எத்தனை பேர் கவனித்திருப்பார்கள் என்று தெரியவில்லை. நான் கவனிக்கவில்லை, ஸ்கூல் பையன்.

இப்போது ஏன் அவரைப் பற்றி? நான் பி.எஸ்சி. கணிதம் கடைசி வருஷம். திருநின்றவூரில் இருந்து தினமும் லோக்கல் பிடித்து மூர் மார்க்கெட் போய் இறங்குகிற ஜாதி. இந்த மாசக் கடைசிக்குள் ஒரு கம்பெனிக்கு "வருகிறேன்" என்று கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். இல்லையென்றால் எம்.எஸ்சி. நுழைவுத் தேர்வுகளுக்கு உட்கார வேண்டும். வீட்டில் யாரும் திட்டவில்லை. "உன் இஷ்டம்" என்று விட்டுவிட்டார்கள். அதுதான் கஷ்டம்.

சரி, ஆளைப் பார்ப்போம்.

கிராமத்துப் பள்ளிப் படிப்பு முடிந்து நரசிம்மன் சேர்ந்தது சென்னை லயோலா கல்லூரி. அங்கே சார்லஸ் ரேசீன் என்று ஒரு பிரெஞ்சு பாதிரியார் கணிதம் நடத்திக்கொண்டிருந்தார். பாரிஸில் எலீ கார்த்தானிடம் படித்தவர். நல்ல பையன்கள் கண்ணில் பட்டால், நேராக பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிலையத்துக்குப் போகச் சொல்லி அனுப்பிவிடுவார். அங்கே கே.சந்திரசேகரன் கணிதத் துறையைக் கட்டிக்கொண்டிருந்தார். 1953-ல் ரேசீனின் மாணவர்கள் இரண்டு பேர் அங்கே சேர்ந்தார்கள். ஒருவர் நரசிம்மன். இன்னொருவர் சி.எஸ்.சேஷாத்ரி. காஞ்சிபுரத்தில் பிறந்தவர், அதே 1932, அதுவும் பிப்ரவரி 29!

இந்த இரண்டு பேரும் சேர்ந்து 1965-ல் 'அன்னல்ஸ் ஆஃப் மேத்தமேட்டிக்ஸ்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். இன்றைக்கு உலகத்தில் எந்த மூலையில் வடிவியல் படித்தாலும் 'நரசிம்மன்–சேஷாத்ரி தேற்றம்' என்ற பெயரைத் தாண்டாமல் போக முடியாது.

தேற்றம் என்ன சொல்கிறது என்று கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிப் பார்க்கிறேன். கணிதக்காரர்கள் பொறுத்தருள்க.

ஓட்டை உள்ள ஒரு மேற்பரப்பை எடுத்துக்கொள்ளுங்கள். மெதுவடைக்கு ஓர் ஓட்டை. சட்டை பட்டனில் இரண்டோ நாலோ இருக்கும். அந்தப் பரப்பின் மேல் கையில் ஓர் அம்புக்குறியைப் பிடித்துக்கொண்டு நடக்கிறீர்கள். அம்பைத் திருப்பக்கூடாது, அப்படியே பிடித்தபடி போக வேண்டும். சும்மா நாலு அடி சுற்றி வந்தால் அம்பு பழைய திசையிலேயே இருக்கும். ஆனால் ஓர் ஓட்டையை முழுசாகச் சுற்றி வந்தால், எங்கள் ஊர் பக்தவத்சலப் பெருமாள் கோயிலைச் சுற்றி வந்த மாதிரி, புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்கும்போது அம்பு வேறு பக்கம் திரும்பியிருக்கலாம். எந்த ஓட்டையைச் சுற்றினால் எவ்வளவு திரும்பும் என்று ஒரு பட்டியல் போடலாம். அந்தப் பட்டியல் ஒரு பக்கம். அதில் இருப்பது வெறும் சுழற்சிகள், அதாவது யூனிட்டரி மேட்ரிக்ஸ்கள்.

இன்னொரு பக்கம் சுத்தமான அல்ஜீப்ரா. அதே பரப்பின் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு வெக்டர் வெளியை நட்டுவைத்து, அவை காம்ப்ளெக்ஸ் எண்களின் விதிப்படி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தால் அதற்குப் பெயர் வெக்டர் பண்டில். இவற்றில் நல்லவை, கெட்டவை உண்டு. 'ஸ்டேபிள்' என்று நல்லவற்றுக்கு டேவிட் மம்ஃபோர்ட் 1962-ல் ஒரு வரையறை கொடுத்தார். அதைப் பார்த்தால் திரும்புகிற அம்புக்கும் அதற்கும் ஸ்நானப் பிராப்தி கூட இல்லை.

நரசிம்மனும் சேஷாத்ரியும் நிரூபித்தது, இரண்டும் ஒன்றுதான். இந்தப் பக்கத்துப் பட்டியல் ஒவ்வொன்றுக்கும் (உடைத்துப் பிரிக்க முடியாத பட்டியலாக இருந்தால்) அந்தப் பக்கம் ஒரு ஸ்டேபிள் பண்டில் உண்டு. அங்கிருந்து இங்கே வரவும் வழி உண்டு. எதுவும் விட்டுப்போகாது, எதுவும் இரண்டு தடவை வராது. 1938-ல் ஆந்த்ரே வெய்ல் ஆரம்பித்துவைத்த ஒரு சிந்தனையை இவர்கள் முடித்துவைத்தார்கள் என்றும் சொல்லலாம்.

இதில் இயற்பியல் எங்கே இருக்கிறது என்று கேட்டால், 1965-ல் எங்கேயும் இல்லை. கட்டுரையில் எலெக்ட்ரானும் கிடையாது, பிளாங்க் மாறிலியும் கிடையாது.

இந்த இடத்தில் எங்கள் ஊர்க்காரர் ஒருவரைக் கூப்பிடாமல் இருக்க முடியவில்லை. பூசலார் நாயனார். கதை எல்லோருக்கும் தெரிந்திருக்கும், பெரியபுராணத்தில் சேக்கிழார் சொல்லியிருக்கிறார். சிவனுக்குக் கோயில் கட்ட ஆசை, கையில் காசு இல்லை. அதனால் மனசுக்குள்ளேயே கட்ட ஆரம்பித்தார். சும்மா 'கோயில் வந்தாச்சு' என்று நினைத்துக்கொள்ளவில்லை என்பதுதான் விசேஷம். பொருள் சேர்த்து, தச்சர்களைத் தேடி, நாள் பார்த்து, அஸ்திவாரம் போட்டு, வரிசை வரிசையாக எழுப்பி, கிணறு தோண்டி, மதில் கட்டி, குடமுழுக்குக்கும் நாள் குறித்தார். எல்லாம் மனசுக்குள். அதே நாளில் காஞ்சியில் பல்லவ ராஜா தன் கல் கோயிலுக்குக் குடமுழுக்கு வைத்திருக்க, ராத்திரி கனவில் சிவன் வந்து, "நாளைக்கு நான் நின்றவூர்ப் பூசலார் கோயிலுக்குப் போகிறேன், உன் விழாவைத் தள்ளி வை" என்றாராம். ராஜா அடித்துப் பிடித்துக்கொண்டு இங்கே வந்து 'எங்கே அந்தக் கோயில்' என்று தேடினார். இன்றைக்கும் இங்கே இருதயாலீஸ்வரர் கோயில் இருக்கிறது.

(பூசலாருக்கே குவாண்டம் தெரியும் என்று யாரும் ஃபார்வர்டு தயார் பண்ண வேண்டாம். நான் சொல்ல வருவது அந்த ஒழுங்கை மட்டும்தான். செங்கல் இல்லாவிட்டாலும் அளவு சரியாக இருக்க வேண்டும் என்ற பிடிவாதத்தை.)

நரசிம்மன் விஷயத்தில் ராஜா வருவதற்கு 24 வருஷம் ஆனது. ஆனால் அதற்கு முன்னாலேயே அவர் இயற்பியல் பக்கம் ஒரு நடை போய்வந்தார். அதைச் சொல்ல 'கேஜ்' என்றால் என்ன என்று சொல்ல வேண்டும். இதை எனக்குப் புரியவைத்தது எந்தப் புத்தகமும் இல்லை, எங்கள் சித்தப்பா. ஆவடியில் ஒரு ஃபேக்டரியில் ஃபிட்டர். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் நோட்டைப் புரட்டிவிட்டு, "கேஜ் தியரின்னா இன்னாடா?" என்றார். நான் இழுத்தேன்.

"டேய், கேஜ்னா எனக்குத் தெரியாதா? முப்பது வருஷமா அதத்தானே கையில புடிச்சினு இருக்கேன். அளக்குறதுக்கு ஒரு ஸ்டாண்டர்டு. அவ்ளோதானே?"

"அதேதான் சித்தப்பா. ஆனா இதுல அந்த ஸ்டாண்டர்டை ஒவ்வொரு இடத்துலயும் நம்ம இஷ்டத்துக்கு மாத்திக்கலாம். அதனால ரிசல்ட் மாறக்கூடாது."

"டிராயிங்ல டேட்டம் எங்க வெச்சாலும் ஜாப்பு ஒண்ணுதான். இதுக்கு ஒரு தியரியா?"

இதற்குத்தான் ஒரு தியரி! ஹெர்மான் வெய்ல் (மேலே வந்த ஆந்த்ரே வெய்ல் வேறு, இவர் வேறு) 1918-ல் அளவுகோல் என்ற அர்த்தத்தில்தான் இந்த யோசனையையே கொண்டுவந்தார். 1954-ல் யாங்கும் மில்ஸும் அதை மேட்ரிக்ஸ்களுக்கு நீட்டினார்கள். அணுக்கருவுக்குள் இருக்கும் விசைகளுக்கெல்லாம் இன்று அதுதான் மொழி. இயற்பியல்காரர்கள் 'கேஜ் ஃபீல்டு' என்று சொல்வதும் வடிவியல்காரர்கள் 'கனெக்‌ஷன்' என்று சொல்வதும் ஒன்றே என்று 1975-ல் வூவும் யாங்கும் ஓர் அகராதி மாதிரி அட்டவணையே போட்டார்கள். அந்த 'கனெக்‌ஷன்'தான் நாம் கையில் பிடித்துக்கொண்டு நடந்த அம்பின் விதி.

இப்போது சிக்கல். டேட்டம் எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம் என்றால், கணக்குப் போடும்போது ஏதாவது ஓரிடத்தில் வைத்துத்தானே ஆக வேண்டும்? குவாண்டம் கணக்கில் எல்லாப் புலங்களையும் கூட்ட வேண்டியிருக்கிறது. ஒரே புலத்தை வெவ்வேறு டேட்டத்தில் ஆயிரம் தடவை எண்ணிவிடக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கிற மாதிரி ஒரு விதி வேண்டும். வழக்கமாகப் போடுகிற விதி எல்லா இடத்திலும் வேலை செய்யவில்லை என்று கிரிபோவ் 1978-ல் காட்டினார். விதியில்தான் கோளாறா, வேறு நல்ல விதி கிடைக்குமா? கிடைக்காது என்று சிங்கர் அதே வருஷம் எழுதினார். 1979-ல் நரசிம்மனும், இயற்பியல் படித்துவிட்டு டாட்டா நிலையத்துக்கு வந்திருந்த டி.ஆர்.ராமதாஸும், எஸ்யூ(2) கேஜ் புலங்களின் வடிவியலை எடுத்துக்கொண்டு 'கம்யூனிகேஷன்ஸ் இன் மேத்தமேட்டிகல் ஃபிசிக்ஸ்' இதழில் இதை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்தார்கள். அந்த வெளியின் வடிவமே எங்கேயும் தடங்கல் இல்லாத ஒரு விதிக்கு இடம் கொடுப்பதில்லை. ஓர் உருண்டை முழுக்க முடி முளைத்திருந்தால் சுழி இல்லாமல் படிய வார முடியாது இல்லையா, அந்த மாதிரி. சீப்பை மாற்றிப் பிரயோஜனமில்லை.

சித்தப்பாவிடம் இதைச் சொன்னபோது, "அப்போ டேட்டமே வெக்க முடியாத ஜாப்பு ஒண்ணு கீது" என்றார். பல பாடப் புத்தகங்களைவிடச் சுருக்கம்.

அப்புறம் ராஜாக்கள் வர ஆரம்பித்தார்கள். 1983-ல் அதியாவும் பாட்டும் யாங்–மில்ஸ் சமன்பாடுகளை வடை, பட்டன் மாதிரிப் பரப்புகளின் மேல் போட்டுப் பார்த்தார்கள். அங்கே ஏற்கெனவே நரசிம்மன்–சேஷாத்ரி உட்கார்ந்திருந்தது. அதே வருஷம் சைமன் டொனால்ட்சன், அப்போது 26 வயசுகூட ஆகியிருக்குமோ என்னவோ, அந்தத் தேற்றத்துக்கு கேஜ் தியரி வழியாகவே ஒரு புதிய நிரூபணம் கொடுத்தார். இந்த வழி பின்னால் பெரிய சாலையானது. 2006-ல் கிங் ஃபைசல் பரிசை நரசிம்மனுக்கும் டொனால்ட்சனுக்கும் சேர்த்தே கொடுத்தார்கள்.

1989-ல் எட்வர்ட் விட்டன். அதே 'கம்யூனிகேஷன்ஸ்' இதழ். முடிச்சுகளை வகைப்படுத்த வான் ஜோன்ஸ் கண்டுபிடித்திருந்த பல்லுறுப்புக்கோவை, ஒரு முப்பரிமாண குவாண்டம் தியரியில் இருந்து தானாக விழுகிறது என்று காட்டினார். அந்தத் தியரிக்கு செர்ன்–சைமன்ஸ் என்று பெயர். (செர்னும் சைமன்ஸும் 1974-ல் எழுதிய மூலக் கட்டுரை, கனெக்‌ஷன்கள் பற்றி நரசிம்மனும் எஸ்.ராமனனும் 1961-ல் நிரூபித்த ஒரு தேற்றத்தைப் பயன்படுத்துகிறது. மனுஷன் எங்கே தோண்டினாலும் வருகிறார்!) அதை குவாண்டமாக்க, முதலில் அதன் 'ஃபேஸ் ஸ்பேஸ்' தேவை. அதாவது சாதாரண இயக்கவியலில் அந்த அமைப்பு இருக்கக்கூடிய எல்லா நிலைகளும் சேர்ந்த வெளி. விட்டனின் தியரிக்கு அந்த வெளி எது என்று பார்த்தால், ஓட்டைகளைச் சுற்றி வரும்போது அம்பு எவ்வளவு திரும்பும் என்ற அந்தப் பட்டியல்கள். 1965-ல் இரண்டு பேர் முழுசாகக் கட்டி, அளவு சரிபார்த்து வைத்திருந்த அதே கோயில்.

குவாண்டமாக்கல் என்றால் என்ன என்பதை ஒரு படத்தில் சொல்லலாம். ஓர் ஊசல். அதன் இடம் ஓர் அச்சு, உந்தம் இன்னோர் அச்சு. அந்தத் தளத்தின் ஒரு புள்ளிதான் ஊசலின் நிலை. குவாண்டம் வந்தால் புள்ளி என்று எதையும் சுட்ட முடியாது. பிளாங்க் மாறிலி அளவு பரப்புக்கு ஒரு மனை, அதற்கும் கீழே பிரித்து விற்க முடியாது. மொத்தம் எத்தனை குவாண்டம் நிலைகள்? கிட்டத்தட்ட மொத்தப் பரப்பு வகுத்தல் ஒரு மனையின் பரப்பு. ஊசலின் தளம் முடிவில்லாதது, நிலைகளும் முடிவில்லாதவை. ஆனால் வெளி ஓர் உருண்டை மாதிரி மூடியிருந்தால் எண்ணிக்கை முடிவுள்ளதாகிவிடும். எலெக்ட்ரானின் ஸ்பின்னுக்கு இரண்டே நிலை இருப்பது அப்படித்தான். பரப்பும் முழு எண் மடங்காகத்தான் இருக்க முடியும். அந்த முழு எண்ணுக்கு 'லெவல்' என்று பெயர்.

நரசிம்மன்–சேஷாத்ரி வெளியும் மூடியது. ஆகவே அதை குவாண்டமாக்கினால் ஏதோ ஒரு முழு எண் வர வேண்டும். இங்கேதான் எனக்குப் புல்லரித்தது. மனையின் பரப்பை அளப்பது தேற்றத்தின் ஒரு பக்கம், சுழற்சிகளின் பக்கம். எந்த நிலைகளை எண்ண வேண்டும் என்று சொல்வது மறுபக்கம், காம்ப்ளெக்ஸ் பண்டில்களின் பக்கம். இரண்டு பக்கமும் ஒரே வெளி என்று தெரியாமல் இந்த வடிவியல் வழியில் எண்ணிக்கையை ஆரம்பிக்கவே முடியாது. 'இரண்டும் ஒன்று' என்று 1965-ல் சொன்னது யாருக்கும் பிரயோஜனமில்லாத அழகு மாதிரி இருந்திருக்கும். குவாண்டமாக்கல் அந்தச் சமக்குறியின் மேல்தான் நடக்கிறது.

எண்ணிக்கைக்கு 1988-ல் எரிக் வெர்லிண்டே என்ற டச்சு இயற்பியலாளர் ஒரு சூத்திரம் சொல்லியிருந்தார். இரண்டு ஓட்டை பட்டனுக்கு, எஸ்யூ(2)-க்கு, அதை லோக்கலில் நின்றுகொண்டே போட்டுவிடலாம். லெவலோடு 2-ஐக் கூட்டுங்கள், அதை ந என்போம். 180 டிகிரியை ந சம பாகமாக வெட்டுங்கள். உள்ளே விழும் ஒவ்வொரு கோணத்துக்கும் சைன் மதிப்பை வர்க்கப்படுத்தித் தலைகீழாக்குங்கள். எல்லாவற்றையும் கூட்டி ந-வின் பாதியால் பெருக்குங்கள்.

லெவல் 1: ந = 3. கோணங்கள் 60, 120. இரண்டுக்கும் 4/3. கூட்டினால் 8/3. மூன்றில் பாதியால் பெருக்கினால் 4.

லெவல் 2: ந = 4. கோணங்கள் 45, 90, 135. 2 + 1 + 2 = 5. அதை 2-ஆல் பெருக்கினால் 10.

லெவல் 3-க்கு 20, லெவல் 4-க்கு 35 வரும். சைன் எல்லாம் போட்டுக் கடைசியில் முழு எண்ணாக வருவதே முதல் ஆச்சரியம். 4, 10, 20, 35 என்று எழுதியதைப் பார்த்ததும் சித்தப்பா ஒரு வினாடிகூட யோசிக்கவில்லை. "பேரிங் பால் அடுக்குற கணக்கு." முக்கோணமாக அடுக்கினால் உச்சியில் 1, கீழே 3, அதற்குக் கீழே 6, அப்புறம் 10. மொத்தம் 1, 4, 10, 20. ஆமாம்! ஆரியபட்டர் 499-லேயே இந்தக் குவியலுக்குச் சூத்திரம் எழுதியிருக்கிறார். நாலு மாறிகள் உள்ள சமபடிக் கோவைகளை எண்ணினாலும் இதே எண்கள்தான். படி 1-க்கு 4, படி 2-க்கு 10.

நாலு மாறிகள் எங்கிருந்து வந்தன? 1969-ல் நரசிம்மனும் ராமனனும், இரண்டு ஓட்டைப் பரப்புக்கு அந்த வெளி வேறொன்றுமில்லை, நாலு ஆயங்களால் குறிக்கப்படுகிற சாதாரண முப்பரிமாண புரொஜெக்டிவ் வெளிதான் என்று நிரூபித்திருந்தார்கள். அதன் மேல் எண்ணினால் 4, 10, 20, 35. இயற்பியல்காரர் வேறொரு வழியில் வந்து சேர்ந்த விடை, 19 வருஷம் முன்னால் எழுதிய தேற்றத்தோடு டாண் என்று பொருந்துகிறது.

ஆனால் பொருந்துவது வேறு, எல்லாப் பரப்புக்கும் நிரூபிப்பது வேறு. விட்டன் கட்டுரை வந்தபோது நரசிம்மனுக்கு 57 வயசு. சாதாரணமாக நம்மூரில் மணிவிழாவுக்கு நாள் பார்க்கிற நேரம். அந்த ஐந்தாறு வருஷத்தில் அவர் செய்ததைப் பாருங்கள். 1989-ல் திரேஸேயுடன் ஒன்று. அந்த வெளியின் மேல் 'லெவல்' என்று சொல்ல அடிப்படையான பொருள் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, மற்றதெல்லாம் அதன் மடங்குகள் என்று. அதே வருஷம் போவில், ராமனன் இருவருடன் ஒன்று. 1993-ல் பழைய கூட்டாளி ராமதாஸுடன் ஒன்று. பட்டனின் இடுப்பைக் கிள்ளி ஒரு புள்ளியாக ஒடுக்கினாலும் எண்ணிக்கை மாறாது, ஆகவே பெரிய பரப்பின் கணக்கைச் சின்னச் சின்னப் பரப்புகளின் கணக்காக உடைக்கலாம் என்று. 1994-ல் சிரவண் குமார், ஏ.ராமநாதன் இருவருடன் இன்னொன்று. இதே காலத்தில்தான் இத்தாலியில் திரியெஸ்தே நகரத்து சர்வதேச மையத்தில் கணிதப் பிரிவின் தலைவராகவும் போகிறார்.

பெயர்களைக் கவனித்தீர்களா? நரசிம்மன்–சேஷாத்ரி. நரசிம்மன்–ராமனன். ஹார்டர்–நரசிம்மன். கொட்டாகே–நரசிம்மன். திரேஸே–நரசிம்மன். இவர் பெயரில் இருக்கிற முக்கியமான தேற்றங்கள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் நடுவில் ஒரு கோடு இருக்கிறது. அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒருத்தர் உட்கார்ந்திருக்கிறார். ஜப்பான்காரர், ஜெர்மன்காரர், பிரெஞ்சுக்காரர், நம்ம காஞ்சிபுரத்துக்காரர்.

எனக்கு வேண்டிய பதில் அதில் இருந்தது. ராமானுஜம் மாதிரியா என்று கேட்டால் இல்லை. எனக்குக் கனவில் வருவது அரியர் பேப்பர் மட்டும்தான் :-) ஆனால் இன்னொருத்தரோடு ஒரு போர்டுக்கு முன்னால் மணிக்கணக்கில் உட்கார முடியுமா என்று கேட்டால், முடியும் என்று நினைக்கிறேன். மூன்று வருஷமாக லோக்கலில் என் கிளாஸ்மேட்டோடு அதைத்தான் செய்கிறேன். அம்பத்தூர் வருவதற்குள் ஒரு கணக்கு.

"இதால இன்னா பிரயோஜனம்?" என்று சித்தப்பாவும் கேட்டார். டோபாலஜிகல் குவாண்டம் கம்ப்யூட்டர் என்று ஒன்று இருக்கிறது, இந்த எண்களுக்கு அங்கே வேலை உண்டு என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். சொல்லவில்லை. 1965-ல் அதை யாரும் சொல்லியிருக்க முடியாது. சொல்ல முடியாத அந்த 24 வருஷமும் அவர்களுக்குச் சம்பளம் வந்தது, லைப்ரரி திறந்திருந்தது, அடுத்த தலைமுறைப் பையன்கள் வந்து சேர்ந்தார்கள். அந்தச் சம்பளத்தில் எங்கள் தாத்தா கட்டிய வரியும் ஓரணா இருக்கும். சேஷாத்ரி 1989-ல் சென்னையில் தொடங்கிய கணிதப் பள்ளிதான் இன்று சிறுசேரியில் இருக்கும் சென்னை மேத்தமேட்டிகல் இன்ஸ்டிடியூட். ராமதாஸும் பின்னால் அங்கே வந்தார். நுழைவுத் தேர்வு ஃபாரத்தை நேற்று ராத்திரி நிரப்பினேன். கம்பெனிக்கு இன்னும் பதில் அனுப்பவில்லை. இரண்டு வருஷச் சம்பளம் என்பது எங்கள் வீட்டில் சின்ன விஷயம் இல்லை. அதை அப்பாவிடம் உட்கார்ந்து பேச வேண்டும்.

மூன்று ஓட்டை பட்டனையும் போட்டுப் பார்த்தேன். வர்க்கத்துக்குப் பதில் நாலாம் படி, பெருக்கும்போது ந-வின் பாதிக்குப் பதில் அதன் வர்க்கம், வேறு மாற்றம் இல்லை. லெவல் 1-க்கு 8. லெவல் 2-க்கு 36. லெவல் 3-க்கு 120. எட்டு மாறிகள் உள்ள கோவைகளை எண்ணினாலும் 8, 36, 120. சரி, இங்கேயும் அதே கதை என்று லெவல் 4-க்குப் போனேன். எட்டு மாறிகளில் நாலாம் படிக் கோவைகள் 330. வெர்லிண்டே சூத்திரத்தில் ந = 6, கோணங்கள் 30, 60, 90, 120, 150. 16 + 16/9 + 1 + 16/9 + 16. அதை 9-ஆல் பெருக்கினால் 329.

ஆவடி தாண்டும்வரை அந்த ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். நரசிம்மனும் ராமனனும் 1987-ல் எழுதியிருக்கிறார்கள். மூன்று ஓட்டைப் பரப்புக்கு (ஒரு விசேஷ வகையை ஒதுக்கிவிட்டால்) அந்த வெளி, எட்டு ஆயங்கள் கொண்ட புரொஜெக்டிவ் வெளிக்குள் ஒரே ஒரு நாலாம் படிச் சமன்பாட்டால் வெட்டப்பட்ட பரப்பு. கோபிள் குவார்ட்டிக் என்று அதற்குப் பெயர். அந்தச் சமன்பாடு அந்த வெளியின் மேல் பூஜ்யம், அதனால் 330-ல் அது ஒன்று மட்டும் எண்ணிக்கையில் வராது.